மவுஸ் பிடிக்க முடியாத கைக்கு டிராக்பால் ஒத்துவருமா?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கும் 43 வயது வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

பதினெட்டு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர் என்று கோரல் டிராவில் வடிவமைத்து வருகிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு மதுரையில் ஒரு மருத்துவர், முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று உறுதிசெய்தார். வலது மணிக்கட்டும், ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளும் வீங்குகின்றன. கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடிவதில்லை. மணிக்கட்டின் மேல்புறம், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு புடைத்துத் தெரிகிறது. மாத்திரையை வலி அதிகமாகும்போது மட்டும் சாப்பிடுகிறார். ஆறு மாதமாக மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்; இப்போது அந்த மணிக்கட்டும் வலிக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன், "மவுஸுக்குப் பதிலா புதுசா டிராக்பால்னு ஒண்ணு வந்திருக்கு சித்தி, கட்டைவிரலால உருட்டினா போதும், வாங்கி அனுப்புறேன்" என்கிறார். முதலாளியோ, "கஷ்டப்படாதீங்கம்மா, பைண்டிங் பக்கம் போயிடுங்க" என்கிறார்; அங்கே சம்பளம் குறைவு. "இதை வாங்கினால் வலி போய்விடுமா? கோரல் டிராவில் இழுத்து வேலை செய்ய முடியுமா? தனியார் பிரஸ்ஸில் இருக்கிற எனக்குச் சட்டத்தில் ஏதாவது இடம் உண்டா? ஆடி பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாகிவிட்டால் மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்" என்று கேட்கிறார்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் (நோயோ குறைபாடோ உள்ளவர்கள் அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் சிகிச்சையாளர்) பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டது கருவியைப் பற்றி. ஆனால் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். வலி அதிகமாகும்போது மட்டும் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். முடக்குவாதத்துக்குத் தரும் முக்கிய மருந்துகள் வலி மாத்திரைகள் அல்ல. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குவதைத் தணிக்கத் தருபவை அவை. பலன் தெரியவே பல வாரங்கள் பிடிக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் வலி அடங்கியதுபோல் இருக்கும் நாட்களிலும் உள்ளே மூட்டு அரிபட்டுக்கொண்டே இருக்கும். பக்கவிளைவு பயம் இருந்தால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள்; அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உலகத்திலேயே சிறந்த டிராக்பாலை வாங்கினாலும் அது மூட்டுக்குள் நடக்கும் வீக்கத்தைத் தொடாது.

இடது மணிக்கட்டு விஷயமும் அப்படித்தான். மவுஸை மாற்றியதால் வந்த வலி என்று முடிவுகட்டிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும். ஆகவே அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது இடது கையையும் காட்டுங்கள்.

டிராக்பால் எதைச் செய்யும்?

மவுஸ் பிடிக்கும் கையை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மோதிர விரலும் சுண்டு விரலும் அழுத்திப் பிடித்திருக்கும். ஆள்காட்டி விரல் கிளிக்குக்காக எந்நேரமும் லேசாகத் தூக்கியே நிற்கும். மணிக்கட்டு இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். மேசை விளிம்பு வந்துவிட்டால் மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்க வேண்டும். கார்டு டிசைனில் ஒரு நாளில் எத்தனை முறை தூக்கி வைப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பிடிப்பது, திருப்பிக்கொண்டே இருப்பது, தூக்குவது மூன்றும் உங்கள் கைக்கு ஆகாத அசைவுகள்.

டிராக்பாலில் கருவி இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். மேலே உள்ள பந்து மட்டும் சுழலும். பிடிக்க வேண்டியதில்லை, தூக்க வேண்டியதில்லை. கையை அதன் மேல் சும்மா வைத்தால் போதும். உங்கள் நிலைமைக்கு இது நல்ல யோசனைதான், அக்கா மகன் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இது புதிதாக வந்த பொருள் அல்ல. ரால்ஃப் பெஞ்சமின் என்பவர் 1946இலேயே பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் திரைக்காக இதை வடிவமைத்தார். மவுஸைக் கண்டுபிடித்த எங்கெல்பார்ட்டின் முதல் மவுஸே 1964இல்தான் வந்தது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய கருவி என்பதால் இதில் பல வடிவங்கள் உருவாகியிருக்கின்றன, அவற்றிலிருந்து உங்கள் கைக்கு ஏற்றதைப் பொறுக்கி எடுக்க முடியும். "டிராக்பால் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் அதிகம் விற்பதைத்தான் தருவார்.

கட்டைவிரல் வகை உங்களுக்கு வேண்டாம்

அக்கா மகன் சொல்வது பக்கவாட்டில் சிறிய பந்து உள்ள வகை. லாஜிடெக்கின் எம்575, எம்எக்ஸ் எர்கோ போன்றவை அப்படிப்பட்டவை. நல்ல கருவிகள்தான். ஆரோக்கியமான கட்டைவிரல் உள்ளவர்களுக்கும், தோளும் முழங்கையும் பலவீனமாகி விரல்கள் நன்றாக இருப்பவர்களுக்கும் நானே சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கை முழுவதும் பகிர்ந்துகொண்ட வேலையைத் தூக்கி அது ஒரே ஒரு விரலின் தலையில் வைக்கிறது. அந்த விரலின் அடிமூட்டுதான் உங்களுக்கு ஏற்கெனவே வலிக்கிறது. அதோடு, இந்த இரண்டும் வலது கைக்கென்றே வார்க்கப்பட்டவை. வலது கை வீங்கிய நாளில் இடது கைக்கு மாற்ற வழியே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் பெரிய பந்து, இரு பக்கமும் ஒரே மாதிரி பட்டன்கள் உள்ள வகை. கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ் என்பது ஓர் உதாரணம். பெயரில் மவுஸ் என்றிருந்தாலும் அது டிராக்பால்தான். பந்து ஏறக்குறைய 55 மில்லிமீட்டர் விட்டம், சிறிய சாத்துக்குடி அளவு. நான்கு மூலையிலும் நான்கு பட்டன்கள், பந்தைச் சுற்றி ஸ்க்ரோல் செய்ய ஒரு வளையம். இரண்டு மூன்று விரல்களால் உருட்டலாம். விரல் மடங்காத நேரத்தில் உள்ளங்கையை வைத்து, முன்கை அசைவாலேயே நகர்த்தலாம். எங்கள் துறையில் மூட்டுப் பாதுகாப்புக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்: சின்ன மூட்டு செய்யும் வேலையை முடிந்தவரை பெரிய மூட்டுக்கு மாற்று. அதே நிறுவனத்தின் ஆர்பிட், 40 மில்லிமீட்டர் பந்தோடு விலை குறைவாக வருகிறது. கை சிறியதாக இருந்தால் அதையும் தொட்டுப் பாருங்கள்.

பெரிய பந்து வகையில் ஒரு குறை உண்டு. உயரம் அதிகம். மேசையில் அப்படியே வைத்தால் மணிக்கட்டு பின்னோக்கி வளையும், அது உங்களுக்குக் கெடுதல். முன்னால் ஒரு மெத்தையான தாங்கி வைத்து, நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தி, முழங்கையும் பந்தும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும்படி பாருங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் சரி. கால் தரையில் எட்டாவிட்டால் பழைய பேப்பர் ரீம் ஒன்றைக் காலுக்கடியில் போட்டுக்கொள்ளுங்கள், பிரஸ்ஸில் அதற்கா பஞ்சம்!

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை. முன்கையை மேசையில் வைத்து, நடு மூன்று விரல்களால் மேசையை முன்னும் பின்னும் லேசாகத் தடவுங்கள், ஐந்து நிமிடம். இன்னொரு நாள் அதே நேரம் கட்டைவிரலை மட்டும் அசையுங்கள். எது வலிக்கிறது என்பதோடு, வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் பாருங்கள். ஒரு வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் கூடுதல் வலி நீடித்தால் அந்த அசைவு அன்றைக்கு அதிகம் என்று அர்த்தம். முட்டி சூடாக, வீங்கி இருக்கும் நாளில் இந்தச் சோதனை வேண்டாம்.

இழுக்கும் வேலைதான் உண்மையான சிக்கல்

கோரல் டிராவில் இழுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்திலேயே மிக நல்ல கேள்வி இது. 1991இல் மெக்கென்சி, செல்லன், பக்ஸ்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் மவுஸ், பேனாவால் இயக்கும் மின்னணு எழுதுபலகை, டிராக்பால் மூன்றையும் ஒப்பிட்டார்கள். பொருளைப் பிடித்து இழுக்கும் வேலையில் டிராக்பாலில்தான் தவறுகள் அதிகம். காரணம் எளிது. ஒரே கையில் ஒரு விரல் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் பந்தை உருட்ட வேண்டும். அழுத்தும் விரல் கையை இறுக்கும், உருட்டும் விரலுக்குக் கை தளர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல்.

ஆகவே அழுத்துவதையும் உருட்டுவதையும் பிரித்துவிடுங்கள். விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போனால், பட்டன்களுக்கான பக்கத்தில் கிளிக்லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால் பட்டனை ஒரு கணம் அழுத்தி விட்டால் போதும், அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அப்புறம் விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பந்தை உருட்டி, சேர வேண்டிய இடத்தில் ஒரு கிளிக் கொடுத்தால் விடுபடும். எவ்வளவு நேரம் அழுத்தினால் பூட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம். பணம் செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தை இன்றைக்கே, இருக்கிற மவுஸிலேயே செய்து பார்க்கலாம்.

இன்னொரு வழி, கிளிக்கை வேறு உறுப்புக்குக் கொடுப்பது. யுஎஸ்பி கால் மிதி கிடைக்கிறது, அதில் இடது கிளிக்கை அமைத்துக்கொள்ளலாம். தையல் மெஷின் மிதித்துப் பழகியவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம், இழுப்பதையே குறைப்பது. பதினெட்டு வருட அனுபவத்தில் குறுக்கு விசைகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மவுஸ் கையில் இருந்ததால் பலவற்றைத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஒரு பொருளை நகர்த்த அம்பு விசைகள் இருக்கின்றன. ஷிஃப்டோடு அழுத்தினால் பெரிய நகர்வு, கன்ட்ரோலோடு அழுத்தினால் நுண்ணிய நகர்வு. சரியான இடம் தெரிந்தால் மேலே உள்ள கட்டத்தில் எண்ணையே அடித்துவிடலாம். ஓரம் சேர்க்க எல், ஆர், டி, பி என்ற ஒற்றை எழுத்துகள். நெருங்கிப் பார்க்க எஃப்2, முழுவதும் பார்க்க எஃப்4. தமிழ் விசைப்பலகை ஆன் ஆகியிருக்கும்போது ஒற்றை எழுத்து விசைகள் பல நேரம் கேட்காது, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அடிப்பது சிரமமானால், அதை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள். அதன்பின் ஷிஃப்டைத் தட்டிவிட்டு அடுத்த விசையைத் தனியாக அடிக்கலாம்.

தமிழ்99க்கும் மாறலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். டைப்ரைட்டர் முறை உங்கள் விரலில் ஊறியது. புதுக் கருவியையும் புது விசைப்பலகையையும் ஒரே சமயத்தில் பழகினால் இரண்டும் எரிச்சல் தரும், பழி டிராக்பால் மேல்தான் விழும்.

பழகுவதற்கு அவசரப்படாதீர்கள். முதல் சில நாட்கள் கர்சர் எங்கோ ஓடும், வேகம் குறையும். பாயின்டர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, முதலில் கோப்பு திறப்பது, மெயில் பார்ப்பது போன்ற வேலைகளில் மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து நோட்டீஸ் மாதிரி எளிய டிசைன். வளைகோடுகளைத் திருத்தும் நுண்ணிய வேலையைக் கடைசியாக எடுங்கள்; அதில் மவுஸின் வேகம் முழுதாகத் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். காலண்டர் வேலை குவியும் முன்பே முடிவெடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது மிகச் சரி.

பந்தைத் தாங்கும் மூன்று சிறு புள்ளிகளில் தூசியும் விரல் பிசுக்கும் சேரும். பிரஸ்ஸில் காகிதத் தூளும், மை ஒட்டாமல் இருக்க அடிக்கும் பவுடரும் பறக்கும் என்பதால் உங்களுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். பந்து தயங்கினால் உங்களை அறியாமலே அழுத்தி உருட்டுவீர்கள், வலி கூடும். வாரம் ஒருமுறை பந்தை எடுத்து, அந்தப் புள்ளிகளைத் துணியால் துடைத்துவிடுங்கள். கை மடங்காத காலையில் பக்கத்து சீட்டுப் பையனிடம் கொடுத்துவிடலாம்.

முதலாளியிடம் என்ன சொல்வது?

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழி தவறு. தாள் மடிப்பது, ஃபாரம் அடுக்குவது, பின் அடிப்பது, கட்டுக் கட்டுவது எல்லாமே விரல் நுனியால் கிள்ளிப் பிடித்து அழுத்தும் வேலை. முடக்குவாதக் கைக்கு மவுஸைவிடப் பல மடங்கு பாரம். சம்பளக் குறைவை விடுங்கள், மருத்துவக் காரணத்துக்காகவே பைண்டிங்குக்குப் போகாதீர்கள். இதை உங்கள் மருத்துவரிடமோ அங்குள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. தசை, எலும்பு, நரம்பு பாதிப்பால் அசைவு குறைவது அதில் இயக்கக் குறைபாடாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஆகவே மருத்துவக் குழு உங்கள் கையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தர இடம் உண்டு. இட ஒதுக்கீட்டுக்கும் பல திட்டங்களுக்கும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். ஆனால் 40க்குக் கீழே இருந்தால் எந்த உரிமையும் இல்லை என்று நினைக்காதீர்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒரு தேர்வர் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நியாயமான வசதி செய்து தருவதை 40 சதவீதத்தோடு முடிச்சுப்போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

தனியாரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை நீக்கவோ கீழிறக்கவோ கூடாது என்ற பிரிவு அரசு நிறுவனங்களுக்கானது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் உதவிக் கருவிகள் பற்றியும் அதில் சொல்லியிருக்க வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதற்குப் பொதுத் தடையும் இருக்கிறது. ஆனால் சிறிய பிரஸ் ஒன்றை நாளைக்கே கட்டாயப்படுத்தும் அளவுக்கு இது கூர்மையான ஆயுதம் அல்ல. அதனால் முதலில் பேச்சு. சட்டம் பின்னால் இருக்கட்டும். வேலை மாற்றத்துக்கோ சம்பளக் குறைப்புக்கோ சம்மதம் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நிலைமை முற்றினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. சான்றிதழுக்கும் உதவித் திட்டங்களுக்கும் விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பேசும்போது குறையாகப் பேசாமல் திட்டமாகப் பேசுங்கள். "கருவியை நானே கொண்டுவருகிறேன். ஒரு மாதம் பழக நேரம் கொடுங்கள். காலை ஒன்பதுக்குப் பதில் பத்தரைக்கு வந்து மாலை அந்த நேரத்தை ஈடுகட்டுகிறேன். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையைத் தளர்த்திக்கொள்கிறேன்" என்று. தாமதமாக வருவது சலுகையாக உங்களுக்குத் தோன்றலாம். விறைத்த விரலோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, வீட்டில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டிவிட்டு வந்தால் அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும். கையை அசைக்காமலே வைத்திருந்தால்தான் குணமாகும் என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள்; அதைக் கேட்காதீர்கள். முழு ஓய்வு மூட்டை இறுக்கிவிடும். வீக்கம் கடுமையான நாளில் மட்டும் ஓய்வு. மணிக்கட்டுக்கு ஒரு தாங்குபட்டை வேண்டுமா என்பதைத் தெரபிஸ்ட் கையைப் பார்த்து முடிவு செய்வார்.

அக்கா மகனுக்கு இன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள், கட்டைவிரல் வகையை வாங்கிவிடப் போகிறார். இரு கைக்கும் பொதுவான, நடுவில் பந்து உள்ளதாக, பிடிக்காவிட்டால் திருப்பித் தரக்கூடிய இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, மணிக்கட்டின் மேல் புடைத்திருக்கும் அந்த எலும்பு. அதன்மேல்தான் சுண்டு விரலையும் மோதிர விரலையும் நிமிர்த்தும் தசைநாண்கள் ஓடுகின்றன. முடக்குவாதத்தில் அவை அந்த எலும்பில் உரசி உரசித் தேய்ந்து அறுந்துபோவது உண்டு. அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். என்றைக்காவது சுண்டு விரல் தானாக நிமிரவில்லை என்றால், துளி வலி இல்லாவிட்டாலும், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நாள் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒரு விரலோடு நிற்கும்போதே பார்த்தால் சரிசெய்வது எளிது, அடுத்த விரலையும் காப்பாற்றலாம்.